பழைய ஜான்சன் மோட்டாருக்கு ஸ்குரூ எங்கே கிடைக்கும்?

ஒன்ராறியோவில் ஒரு பண்ணை ஏலத்தில் 1950களின் தொடக்கத்தில் வந்த 10 குதிரைத்திறன் ஜான்சன் சீ ஹார்ஸ் அவுட்போர்டு மோட்டார் (படகின் பின்புறம் மாட்டுவது) ஒன்றை வாங்கியிருக்கிறீர்கள். கியர்கேஸை (கியர்கள் இருக்கும் கூட்டை) பிரிக்கும்போது இரண்டு ஸ்குரூவின் தலை உடைந்துவிட்டது. மேல்மூடியில் சில ஸ்குரூக்கள் ஏற்கெனவே இல்லை. கடையில் எம்6 (6 மி.மீ. மெட்ரிக் ஸ்குரூ) வாங்கிப் போட்டால் இரண்டு சுற்று போய் இறுகி நின்றுவிடுகிறது. இந்தக் காலத்து ஸ்குரூ இனி எங்கே கிடைக்கும், கிடைக்காவிட்டால் எல்லா ஓட்டைக்கும் எம்6 அளவில் புது மரை (ஸ்குரூ திருகி ஏறும் வரிகள்) போட்டு ஸ்டெயின்லெஸ் ஸ்டீலுக்கு மாற்றிவிடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

கேள்வி ‘எங்கே’ என்று தொடங்கினாலும், உங்களுக்கு உண்மையில் தெரிய வேண்டியவை இரண்டு: அந்த ஓட்டையில் இருப்பது என்ன மரை, அந்த இடத்தில் இருக்க வேண்டியது என்ன உலோகம். இந்த இரண்டும் தெரிந்துவிட்டால் கடை தேடுவது பெரிய வேலையே இல்லை. நான் மெஷினிஸ்டாகப் பயிற்சி பெற்றவன். பல வருடங்களாக இந்தப் பக்கத்து ஏரி மோட்டார்களைப் பிரித்துப் பூட்டி வருகிறேன். அந்த அனுபவத்திலிருந்து சொல்கிறேன்.

முதலில் நல்ல செய்தி. உங்கள் மோட்டாரின் மரைகள் பழங்காலத்து மரைகள் அல்ல. அவை சாதாரண அமெரிக்க அங்குல மரைகள், இன்றும் தினமும் தயாராகிறவை. இரண்டாம் உலகப் போரில் அமெரிக்க போல்ட் பிரிட்டிஷ் நட்டில் சேராமல் பெரும்பாடு பட்டார்கள். அதனால் 1948 நவம்பரில் அமெரிக்கா, பிரிட்டன், கனடா மூன்றும் வாஷிங்டனில் கையெழுத்திட்டு ஒரே மரை முறையை ஏற்றுக்கொண்டன. யு.என்.சி., யு.என்.எஃப். என்று இன்று கடைக்காரர் சொல்வது அதைத்தான். அதற்கு முன்பிருந்த அமெரிக்க ‘நேஷனல் கோர்ஸ்’, ‘நேஷனல் ஃபைன்’ மரைகளுக்கும் இதே 60 டிகிரி கோணம்தான், மரை எண்ணிக்கையும் அதேதான். ஆகவே உங்கள் மோட்டார் 1951-ல் வந்திருந்தாலும் சரி, 1938-ல் வந்திருந்தாலும் சரி, இன்றைய 1/4-20 ஸ்குரூ அதன் 1/4-20 ஓட்டையில் ஒழுங்காக உட்காரும். ஒன்ராறியோவில் கிடைக்கும் பழைய ஜான்சன், எவின்ரூட் மோட்டார்களில் நிறைய இங்கே பீட்டர்பரோவில் இருந்த ஆலையிலிருந்து வந்தவை. கனடாவில் செய்தது என்பதால் மரை மாறியிருக்குமோ என்று நினைக்க வேண்டாம், இரண்டு நாட்டிலும் ஒரே அளவுதான்.

உங்கள் எம்6 ஏன் நின்றது என்பதும் இதில்தான் இருக்கிறது. அந்த ஓட்டை அநேகமாக 1/4-20. அதாவது கால் அங்குல விட்டம் (6.35 மி.மீ.), அங்குலத்துக்கு 20 மரை. ஒரு மரைக்கும் அடுத்த மரைக்கும் இடைவெளி 1.27 மி.மீ. எம்6-இல் அந்த இடைவெளி 1 மி.மீ. விட்டம் சிறியது என்பதால் நுழைந்துவிடும், இடைவெளி வேறு என்பதால் இரண்டு சுற்றில் சிக்கிக்கொள்ளும். அங்கே நிறுத்தியது நல்லது. இன்னும் கொஞ்சம் பலம் கொடுத்திருந்தால் அலுமினிய மரையை அது சீவியிருக்கும்.

இதைவிட மோசமான ஒரு பொறி இருக்கிறது. நம்பர் 10-32 என்று ஒரு அமெரிக்க அளவு, இந்த மோட்டார்களில் சிறிய வேலைகளுக்கு வருவது. அதன் விட்டம் 4.83 மி.மீ., மரை இடைவெளி 0.794 மி.மீ. மெட்ரிக் எம்5-க்கு விட்டம் 5 மி.மீ., இடைவெளி 0.8 மி.மீ. பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் கண்ணுக்கு வித்தியாசமே தெரியாது. 10-32 ஓட்டையில் எம்5-ஐப் போட்டால் ‘கொஞ்சம் டைட்’ என்றுதான் கைக்குத் தோன்றும், உள்ளே போய்விடும். போகிற வழியில் அலுமினியத்தைத் தள்ளி மரையைப் பெரிதாக்கிவிடும். அதன்பின் சரியான 10-32-ஐப் போட்டால் ஆடும். பழைய மோட்டார் ஒன்றை வாங்கிப் பிரிக்கும்போது முந்தைய உரிமையாளர் செய்து வைத்ததாக நான் அதிகம் பார்ப்பது இதைத்தான். டைட்டாகப் போகிறது என்றால் பொருந்துகிறது என்று அர்த்தமில்லை. நல்ல மரையில் ஸ்குரூ கடைசிச் சுற்று வரை விரலாலேயே போக வேண்டும்.

அளக்க மூன்று சாமான் போதும்: ஒரு வெர்னியர், அங்குல அளவு கொண்ட பிட்ச் கேஜ் (மரை இடைவெளியை ஒப்பிட்டுப் பார்க்கும் பல்தகடு), அப்புறம் நன்றாகத் தெரிந்த அளவுகளில் சில புது நட்டுகளும் ஸ்குரூக்களும். கழற்றிய பழைய ஸ்குரூவைக் கம்பி பிரஷ்ஷால் சுத்தம் செய்து வெளி விட்டத்தை அளங்கள். தேய்ந்த ஸ்குரூ எப்போதும் பெயரளவைவிடச் சற்றுக் குறைவாகத்தான் காட்டும். கால் அங்குலத்துக்குக் கீழே அமெரிக்கர்கள் நம்பரில் சொல்வார்கள். அதற்கு ஒரு எளிய கணக்கு உண்டு: நம்பரை 0.013-ஆல் பெருக்கி 0.060 சேர்த்தால் அங்குலத்தில் விட்டம் வந்துவிடும். நம்பர் 8 என்றால் 0.164, நம்பர் 10 என்றால் 0.190, நம்பர் 12 என்றால் 0.216. பிறகு பிட்ச் கேஜை வைத்து, வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பாருங்கள். இடையில் ஒளி கசியக் கூடாது. கடைசியாக, கண்டுபிடித்த அளவில் ஒரு புது நட்டைப் பழைய ஸ்குரூவில் போட்டுப் பாருங்கள்.

இதில் ஒரு எச்சரிக்கை. கையில் இருக்கும் பழைய ஸ்குரூ அந்த ஓட்டைக்கே உரிய ஸ்குரூ என்று நிச்சயமில்லை. 70 வருடத்தில் எத்தனையோ கை மாறியிருக்கும். ஒன்ராறியோ மோட்டாரில் சதுரக் குழி கொண்ட ராபர்ட்சன் ஸ்குரூ ஒன்று தென்பட்டால், அது பின்னால் யாரோ போட்டது என்று நான் சந்தேகப்படுவேன். ராபர்ட்சன் கனடாக்காரர் கண்டுபிடிப்பு, இங்கே எல்லார் வீட்டு டப்பாவிலும் கிடக்கும். அதனால் ஸ்குரூவை மட்டும் அளந்து முடிவெடுக்காமல், அதே பாகத்தைப் பிடிக்கும் மற்ற ஓட்டைகளையும் ஒப்பிடுங்கள். ஆறு ஸ்குரூவில் ஐந்து ஒரே அளவு, ஒன்று மட்டும் வேறு என்றால் அந்த ஒன்றைத்தான் சந்தேகிக்க வேண்டும்.

மரை சுலபம் என்றேன். அரிதாகிப்போனது தலை. உங்கள் மோட்டாரில் இருப்பது ஒற்றை வெட்டு போட்ட, உயரமான உருளைத் தலை. ஃபில்லிஸ்டர் என்று கேட்க வேண்டும். நம் ஊர்ப் பட்டறைகளில் சீஸ் ஹெட் என்பது ஏறக்குறைய இதே வடிவம். பக்கத்துத் தெரு ஹார்டுவேர் கடையில் இது இருக்காது. போல்ட், நட் மட்டுமே விற்கும் தொழிற்சாலைச் சப்ளை கடைகளில் பித்தளையிலும் ஸ்டெயின்லெஸிலும் வரவழைத்துத் தருவார்கள், இணையத்திலும் கிடைக்கும். கேட்கும்போது ‘பழைய ஜான்சன் மோட்டாருக்கு’ என்று சொல்லாதீர்கள், கடைக்காரர் கையை விரித்துவிடுவார். ‘1/4-20, முக்கால் அங்குலம், ஸ்லாட்டட் ஃபில்லிஸ்டர், பித்தளை’ என்று சொன்னால் அவருக்கு அது ஒரு சாதாரண ஆர்டர். நீளத்தைத் தலைக்குக் கீழிருந்து அளக்க வேண்டும். குழியில் சமமாகப் படியும் தட்டைத் தலை ஸ்குரூவுக்கு மட்டும் தலையோடு சேர்த்து முழு நீளம். அந்தத் தட்டைத் தலையில் இன்னொரு வேறுபாடு உண்டு: அமெரிக்க ஸ்குரூவின் தலைச் சரிவு 82 டிகிரி, மெட்ரிக்கில் 90. மரையே பொருந்தினாலும் சரிவு பொருந்தாவிட்டால் தலை ஓரத்தில் மட்டும் உட்காரும், மோட்டார் அதிர அதிரத் தளர்ந்துவிடும்.

அதே தலை கிடைக்காவிட்டால் அறுகோணத் தலையோ ஆலன் தலையோ போட்டால் என்ன என்று கேட்பீர்கள். ஓட்டுவதற்கு ஒரு குறையும் இல்லை. ஆனால் தலை உட்கார வேண்டிய குழியின் விட்டத்தைப் பாருங்கள், அகலமான தலை அதற்குள் இறங்காது. கண்ணில் படும் மூடி, ஸ்டார்ட்டர், பெயர்ப்பலகை ஆகிய இடங்களில் பழைய தலையையே தேடிப் போடுவது என் வழக்கம். இந்த மோட்டார்களின் அழகில் பாதி அதில் இருக்கிறது. லேத் வைத்திருக்கும் நண்பர் இருந்தால், பெரிய தலை கொண்ட ஸ்குரூவின் தலையைக் கடைந்து சிறிதாக்கி, உலோகம் அறுக்கும் வாளால் ஒரு வெட்டு போட்டுவிடலாம். பத்து நிமிட வேலை.

இனி உலோகம். இங்கேதான் உங்களோடு மாறுபடுகிறேன். மொத்தமாக ஸ்டெயின்லெஸுக்கு மாற்றாதீர்கள். வெளியே, சுமை இல்லாத இடங்களில் ஸ்டெயின்லெஸ் நல்லதுதான். ஆனால் அலுமினியத்துக்குள் ஸ்டெயின்லெஸை வெறுமனே முறுக்கி, நடுவில் தண்ணீர் புகுந்தால், இரண்டு உலோகத்துக்கும் இடையே மின்வேதி அரிப்பு நடக்கும். அரிபடுவது அலுமினியம். அது வெள்ளைப் பொடியாகி, ஊதி, மரை இடுக்கை அடைத்து ஸ்குரூவைச் சிறை வைத்துவிடும். ஏரித் தண்ணீரில் இது மெதுவாக நடக்கும், கடல் தண்ணீரில் வேகமாக. பித்தளைக்கும் இதே குணம் உண்டு. ஆகவே எந்த உலோகத்தைப் போட்டாலும் மரையில் எதையாவது பூசாமல் போடக் கூடாது. மூடி போன்ற இடங்களுக்கு லேனோலின் கலந்த கிரீஸோ நல்ல மரைன் கிரீஸோ போதும். கியர்கேஸுக்குள் ஊடுருவும் ஸ்குரூக்களுக்கு கேஸ்கட் சீலிங் கம்பவுண்ட் பூச வேண்டும், ஏனென்றால் அந்த மரை வழியாகவே தண்ணீர் உள்ளே போய் கியர் ஆயிலைப் பால் மாதிரி ஆக்கிவிடும். செம்பு, கிராஃபைட் கலந்த பசைகளை ஈரத்தில் நிற்கும் அலுமினியத்தில் பூசாதீர்கள், அரிப்பு அதிகமாகும்.

இன்னொரு காரணம் பலம். ஸ்டெயின்லெஸ் என்றாலே உறுதி என்ற எண்ணம் பரவலாக இருக்கிறது, அது தவறு. கடையில் கிடைக்கும் 18-8 ஸ்டெயின்லெஸ் ஸ்குரூ சதுர அங்குலத்துக்குச் சுமார் 70,000 பவுண்டு இழுவையில் அறும். தலையில் மூன்று கோடு போட்ட கிரேடு 5 எஃகு போல்ட் 1,20,000 பவுண்டு வரை தாங்கும். சிலிண்டர் ஹெட், கிராங்க்கேஸ், ஃப்ளைவீல் போன்ற இடங்களில் கண்ணுக்குப் பளபளப்பாக இருக்கிறது என்று ஸ்டெயின்லெஸ் போடுவது ஆபத்து. ஸ்டெயின்லெஸ் நட்டும் ஸ்டெயின்லெஸ் போல்ட்டும் எண்ணெய் இல்லாமல் வேகமாக முறுக்கினால் ஒன்றோடு ஒன்று பற்றிக்கொண்டு நடுவழியில் நின்றுவிடுவதும் உண்டு. பிறகு அறுத்துத்தான் எடுக்க வேண்டும்.

கடையில் அளவு பார்த்து வாங்கவே கூடாதவை சில இருக்கின்றன. கனெக்டிங் ராடு (பிஸ்டனையும் கிராங்க்கையும் இணைக்கும் தண்டு) ஸ்குரூக்கள் முதலாவது. அவற்றுக்கு மரையும் நீளமும் பொருந்துகிற ஒன்று கிடைத்தாலும் போடாதீர்கள். பார்ட் நம்பர் பார்த்து அந்த மோட்டாருக்கு உரியதையே வாங்குங்கள், அல்லது நல்ல நிலையில் உள்ள பழையதையே திரும்பப் போடுங்கள். அடுத்தது புரொப்பெல்லர் பின். கல்லில் மோதினால் கியர் உடையாமல் தான் முறிந்து காப்பதுதான் ஷியர் பின்னின் வேலை. அந்த இடத்தில் ஒரு துண்டு ஸ்டீல் கம்பியையோ ஆணியையோ சொருகினால் பின் தப்பும், கியர் போகும். அதேசமயம், நடுவில் ரப்பர் வைத்த புரொப்பெல்லர்களில் அதிர்ச்சியை வாங்குவது ரப்பர். அங்கே வருவது கடினமான டிரைவ் பின், அதற்குப் பதில் மென்மையான பித்தளை போட்டால் அடிக்கடி அறுந்துகொண்டே இருக்கும். உங்கள் புரொப்பெல்லர் எந்த வகை என்று பார்க்காமல் பின் வாங்காதீர்கள். கியர்கேஸ் ஆயில் ஸ்குரூக்கள் பற்றியும் ஒன்று: அவற்றின் அடியில் வரும் வாஷர்தான் கசிவை நிறுத்துகிறது, ஸ்குரூவோடு அதையும் புதிதாகப் போடுங்கள். இந்த நிறுவனத்தின் சில கியர்கேஸ்களில் ஆயில் ஸ்குரூவுக்கு அருகே இன்னொரு ஸ்குரூ இருக்கும், அது கியர் மாற்றும் நெம்புகோல் சுழலும் அச்சு. ஆயில் வடிக்கிறேன் என்று அதைக் கழற்றினால் உள்ளே இருப்பது நழுவிவிடும், முழுதாகப் பிரித்துத்தான் பூட்ட வேண்டும்.

பார்ட் நம்பர் தேடுவது நினைப்பதைவிடச் சுலபம். ஜான்சனும் எவின்ரூடும் 1936-லிருந்து ஒரே நிறுவனத்தின் கீழ் வந்தவை. 1950களின் மோட்டார்களில் பல பாகங்கள் இரண்டுக்கும் பொது. ஜான்சனுக்குக் கிடைக்காதது எவின்ரூட் என்ற பெயரில் கிடைக்கும். தாய் நிறுவனமான ஓ.எம்.சி. 2000 டிசம்பரில் திவாலானது, எவின்ரூடை வாங்கிய பாம்பார்டியர் வழிவந்த நிறுவனமும் 2020-ல் அவுட்போர்டு தயாரிப்பை நிறுத்திவிட்டது. ஆனாலும் பழைய மரினாக்களின் பின்னறைகளில் பிரிக்காத பொட்டலங்கள் இன்னும் கிடக்கின்றன. மோட்டாரைப் படகில் மாட்டும் பிராக்கெட்டில் உள்ள தகட்டிலிருந்து மாடல் எண்ணை முழுதாக எழுதிக்கொள்ளுங்கள். பார்ட்ஸ் புத்தகத்தில் அதை வைத்துத்தான் தேட முடியும். 1965 முதல் இயங்கும் ஆன்டிக் அவுட்போர்டு மோட்டார் கிளப்புக்குக் கனடாவிலும் உறுப்பினர்கள் இருக்கிறார்கள். அவர்கள் கூடுமிடங்களில் ஓடாத மோட்டார்கள் மலிவாக வரும். உங்கள் மாடலிலேயே ஓடாத ஒன்றை வாங்கிவிட்டால் ஸ்குரூ, பின், நாப், மூடி என்று எல்லாம் ஒரே அடியாகக் கிடைத்துவிடும். தனித்தனியாக வாங்குவதைவிட இதைத்தான் நான் எப்போதும் சிபாரிசு செய்கிறேன்.

உடைந்த இரண்டு ஸ்குரூவுக்கு வருகிறேன். தலை மட்டும் போய், தண்டு வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் அதிர்ஷ்டம். அதன்மேல் ஒரு நட்டை வைத்து வெல்ட் செய்தால், அந்தச் சூட்டிலேயே பாதி பிடி விட்டுவிடும், ஸ்பேனரால் மெல்ல முன்னும் பின்னும் அசைத்து எடுக்கலாம். அது எஃகாக இருந்தால்தான். பித்தளையில் வெல்ட் நிற்காது. உள்ளேயே முறிந்திருந்தால் சரியாக நடுவில் சென்டர் பஞ்ச் அடித்து, இடப்பக்கம் சுற்றும் டிரில் பிட்டால் துளையுங்கள். பல சமயம் துளைக்கும்போதே ஸ்குரூ தானாகச் சுழன்று வெளியே வந்துவிடும். மீதி ஸ்குரூக்களைக் கழற்றுவதற்கு முன் சுற்றியுள்ள அலுமினியத்தைச் சூடாக்குங்கள், அலுமினியம் எஃகைவிட அதிகம் விரியும். வெட்டின் முழு அகலத்துக்கும் பொருந்தும் திருப்புளியை வைத்து, சுத்தியலால் அடித்துச் சுழற்றும் இம்பாக்ட் டிரைவரைப் பயன்படுத்துங்கள். ஒல்லியான திருப்புளிதான் பெரும்பாலும் தலையை உடைக்கிறது.

மரை போயே போய்விட்டது என்றால்? எம்6-க்கு டேப் (மரை வெட்டும் கருவி) போடலாம் என்றீர்கள், அது நடக்காது. கால் அங்குல மரை ஏற்கெனவே 6.35 மி.மீ. வரை உலோகத்தைத் தின்றுவிட்டது, எம்6 பிடிக்க அங்கே ஒன்றும் மிச்சமில்லை. மெட்ரிக்கில் போக வேண்டுமானால் எம்8 வரை போக வேண்டும், கியர்கேஸின் மெல்லிய சுவர் அதைத் தாங்குமா என்பது சந்தேகம். கம்பிச்சுருள் மரை இன்சர்ட் போடுங்கள். ஹெலிகாயில் என்ற பெயரில் கேட்டால் எல்லாருக்கும் புரியும். ஓட்டை பழைய 1/4-20 அளவுக்கே திரும்பிவிடும், அடுத்த உரிமையாளரும் குழம்பமாட்டார். அந்தச் சுருளும் ஸ்டெயின்லெஸ்தான் என்பதால் வெளிப்பக்கம் சீலர் பூசித்தான் இறக்க வேண்டும்.

கடைசியாக, உங்கள் கேள்வியின் முடிவில் நண்பர் ஒருவர் பிரிட்டிஷ் சீகல் மோட்டார் தருவதாகச் சொல்கிறார், அதற்கும் இதே ஸ்குரூ பொருந்துமா என்று கேட்டிருந்தீர்கள். பொருந்தாது. அது வேறு உலகம். அதில் 55 டிகிரி கோணமுள்ள விட்வொர்த் குடும்பத்து மரைகள் வரும். கால் அங்குல விட்வொர்த்துக்கும் அங்குலத்துக்கு 20 மரைதான், அதனால் அமெரிக்க ஸ்குரூ அதில் ஏறிவிடும். ஆனால் கோணம் வேறு என்பதால் மரையின் ஓரங்கள் மட்டுமே தொட்டுக்கொண்டிருக்கும். சிறிய அளவுகளில் பி.ஏ. (பிரிட்டிஷ் அசோசியேஷன்) என்ற தனி வரிசை இருக்கிறது. அதில் 2 பி.ஏ. ஸ்குரூவை 10-32 என்று நினைத்து ஏமாறுவது சுலபம். இரண்டு மோட்டாரின் ஸ்குரூக்களையும் ஒரே டப்பாவில் போடாதீர்கள். பிரிட்டனிலிருந்து வரவழைக்க வேண்டியிருக்கும், அங்கே இன்னும் தாராளமாகக் கிடைக்கிறது. சீகலின் புரொப்பெல்லரில் ஷியர் பின்னுக்குப் பதில் ஒரு ஸ்பிரிங்தான் சுழற்சியைக் கடத்துகிறது, ஆகவே பின் தேடி அலைய வேண்டாம்.

ஜான்சனைப் பொறுத்தவரை, அளக்காமல் இன்ன அளவு என்று நான் உறுதியாகச் சொல்ல முடியாது, யாராலும் முடியாது. கியர்கேஸ் ஸ்குரூ 1/4-20 என்று நான் சொன்னது உங்கள் எம்6 நடந்துகொண்ட விதத்தை வைத்துச் சொன்ன ஊகம். உடையாத ஒன்றின் விட்டம், அங்குலத்துக்கு எத்தனை மரை, தலைக்குக் கீழே நீளம், தலை உட்காரும் குழியின் விட்டம் ஆகியவற்றை அளந்து, தகட்டில் உள்ள மாடல் எண்ணோடு எழுதுங்கள். எதை வாங்கலாம், எதைப் பார்ட் நம்பரில் தேட வேண்டும் என்று ஒவ்வொன்றாகச் சொல்கிறேன். அதுவரை அந்த ஓட்டைகளில் எந்த டேப்பையும் விடாதீர்கள்.